காப்பு அவிழ்க்கப் பத்து நாள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கஜேந்திரனுக்கு நடந்ததைத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பெரிய விபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. மரத்திலிருந்து விழுந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பூனாகலைக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையில், நிழல் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கீழே நின்று கயிறு பிடித்தவன். பாதி அறுந்த கிளையொன்று கயிற்றோடு சுழன்று வந்து, இடது புருவத்தின் வெளி ஓரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் கேட்டான். தோட்டத்து மருந்துக்காரர் ஐந்து தையல் போட்டார். "புருவத்துலதான் பட்டிருக்கு. கண்ணு தப்பிச்சிருச்சி" என்று சொல்லி, வலிக்கு ஆறு வில்லை கொடுத்து அனுப்பினார்.

அவன் மனைவி மதுஷாவும் முதலில் அதை நம்பத்தான் செய்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்து வீட்டுக்கு ஓடி வந்தவள், வீங்கி மூடிக் கிடந்த இமையை இரண்டு விரலால் மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக இருந்தது. கறுப்பு கறுப்பாக இருந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை.

"தெரியுதாங்க?"

"தெரியுது. ஆனா நீ பழைய போட்டோ மாதிரி இருக்க, புள்ள. சாயம் போன போட்டோ."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, நான்கு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் பண்டாரவளைக்கு இறங்கினார்கள். அங்கிருந்து பதுளை பஸ். ஒன்பதரைக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் நம்பர் எடுத்தாயிற்று.

ஆனால் புறப்படும்போதே ஒரு பேச்சு முடிவாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். காரணம், கஜேந்திரனின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது.

மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று தோட்டத்துப் பொட்டலில் காமன் கம்பம் நடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்து சாம்பலாகிற மன்மதனின் கதை, பௌர்ணமி வரைக்கும் கூத்தாக நடக்கும். மன்மதனுக்கு இங்கே மதன் என்று பெயர். மதன் வேஷம் கட்டுகிறவனுக்குக் கையில் காப்பு ஏறிவிட்டால், தகனம் முடிந்து மூன்றாம் நாள் அதை அவிழ்க்கும்வரை அவன் தோட்டத்து எல்லைக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. கஜேந்திரன் அந்த வேஷம் கட்டுவது இது ஐந்தாவது வருஷம். கடைசி வருஷமும் இதுதான்.

கூத்தாட வேண்டுமென்று அவனுக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. வேண்டுதல் மதுஷாவுடையது. இரண்டு கரு தங்காமல் போன பிறகு, ஒரு மாசி மாதம் அதே பொட்டலில் நின்று, "ஒரே ஒரு உசுரு தங்கட்டும், அஞ்சு வருஷம் என் வீட்டுக்காரரு மதன் வேஷம் கட்டுவாரு" என்று வேண்டிக்கொண்டாள். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. அவன் கேள்விப்பட்டுத் தலையிலடித்துக்கொண்டு சிரித்தான். "வேண்டுதல் ஒனக்கு, அரிதாரம் எனக்கா?" மகள் பிறந்த வருஷம், முப்பது நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பார்க்க, முதல் தடவை ஆடினான். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளவயதுக்காரர், சிங்களவர். சின்ன டோர்ச்சை ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். பிறகு ஒரு போத்தலின் சிவப்பு மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிக் காட்டினார். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்குச் சிவப்புத்தான், ஆனால் கழுவிக் கழுவி வெளுத்த சட்டை மாதிரி. தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வர இரண்டு மணியாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதையெல்லாம் ஸிஹாமா என்ற தாதி தமிழில் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. கண்ணு நல்லா இருக்கு. கண்ணுக்குப் பொறத்தால மூளைக்குப் போற நரம்புலதான் அடி. கண்ணுக்குள்ள, பின்சுவர்ல, லட்சக்கணக்குல சின்னச் சின்ன உயிரணு இருக்கு. அதுகள்ட வாலெல்லாம் ஒன்னாச் சேந்ததுதான் இந்த நரம்பு. வால்ல அடிபட்டா அதுகள் அண்டைக்கே மௌத்தாகாது. ரெண்டு கிழமை, மூணு கிழமை எடுத்து ஒவ்வொன்னாச் சாகும். இப்ப நிறைய உயிரோட இருக்கு. இருக்கிறதக் காப்பாத்தோணும்."

மதுஷாவுக்கு அது உடனே பிடிபட்டது. பழைய மலையில் தேயிலையைப் பிடுங்கிப் போட்டால், வேர் வானத்தைப் பார்த்துக் கிடக்கும்போதும் இலை நாலைந்து நாள் பச்சையாகத்தான் நிற்கும். தெரியாதவன் பார்த்தால் செடி நன்றாக இருக்கிறதென்றுதான் சொல்வான்.

"காப்பாத்த மருந்து இருக்கா மிஸ்?"

ஸிஹாமா டொக்டரிடம் கேட்டாள். டொக்டர் தலையை ஆட்டினார்.

"நிச்சயமாக் காப்பாத்துற மருந்து உலகத்துலயே இன்னும் இல்லையாம். வெளிநாட்டுல எலிக்குப் போட்டுப் பாக்குறாங்களாம். ஒரு ஊசி இருக்கு. சில டொக்டர்மார் போடுங்கம்பாங்க, சிலர் வேணாம்பாங்க. ஆனா ஒங்கட ஆளுக்கு நரம்பு வர்ற எலும்பு ஓட்டையில வெடிப்பு இருக்கு. உள்ளுக்க வீங்கினா நசுக்கும். வார்ட்ல வச்சி, ஒரு நாளைக்கு நாலு தரம் பார்வை பாக்கோணும். இறங்கிச்சோ, அண்டைக்கே கொழும்புக்கு அனுப்பி அந்த எலும்பத் தொறக்கோணும். தொறந்தா மிச்சமுள்ளது தப்பலாம். தப்பும்டு சொல்லல்ல. தப்பலாம்."

"எத்தன நாளைக்கு மிஸ்?"

"ஆகக் குறைஞ்சது ஒரு கிழமை."

கஜேந்திரன் திரும்பி மதுஷாவின் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் சாயம் இறங்காமல் இருந்தது. அவளுக்கு மகளின் உச்சந்தலை வாசனை வந்தது. பிறகு மற்ற இரண்டும் ஞாபகம் வந்தன, பெயர் வைக்காமல் போனவை.

"இப்பத் தெரியுதுல்லங்க?" என்றாள்.

"தெரியுது."

"காப்பு அவுக்கப் பத்து நாள்தான்."

ஸிஹாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த பைலை மேசையில் போட்டாள். "தங்கச்சி, கண்ணா, காப்பா? சொல்லுங்க பாப்பம்."

கஜேந்திரன், தன் சொந்த விருப்பத்தில் வீட்டுக்குப் போவதாக எழுதிய இடத்தில் கையெழுத்து வைத்தான். டொக்டர் ஏசவில்லை. அந்தச் சிவப்பு மூடியை எடுத்து மதுஷாவின் கையில் வைத்தார். தினமும் காலையில், வெளிச்சத்தில், நல்ல கண்ணை மூடி இதைக் காட்ட வேண்டும். சிவப்பு இன்றைக்கு இருப்பதைவிட மங்கினால் அந்த மணித்தியாலமே பஸ் ஏற வேண்டும். இதை ஸிஹாமா இரண்டு தடவை சொல்லி, மதுஷாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போவதற்கு முன், லயத்து வாசலில் அவனை நிறுத்தி மூடியைக் காட்டினாள். சிவப்பு என்றான். நேற்று மாதிரியேவா? நேற்று மாதிரியே. கலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு கோடு போட்டாள். வியாழன், சிவப்பு. வெள்ளி, சிவப்பு. சனிக்கிழமை காட்டும்போது, கூத்தில் ரதியாக வேஷம் கட்டும் கிருஷ்ணராஜ் பாதையால் போனவன் நின்றுவிட்டான்.

"என்னக்கா, என் புருஷன வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கீங்க?"

"ஒன் புருஷன் புதன்கிழமதான். அதுவரைக்கும் எனக்குத்தான்."

"ஒத்தக் கண்ணு மதன கட்டிக்கிட்டு நா என்ன பாடு படப்போறேனோ!"

"ஏண்டா, சிவனுக்கு மூனு, எனக்கு ஒன்னு" என்றான் கஜேந்திரன், கையால் கண்ணை மூடியபடியே. "கூட்டிப்பாரு. ரெண்டு பேருக்கு நாலு கண்ணு. கணக்குச் சரியாத்தானே வருது?"

மூன்று பேரும் சிரித்தார்கள். மதுஷா நான்காவது கோட்டைப் போட்டாள். அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வீக்கம் வற்றிவிட்டது. இமை தானாகத் திறந்து மூடியது. இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது அடிபட்டது என்று தழும்பை வைத்துத்தான் சொல்ல முடியும். அன்று சாயங்காலம் அவன் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டி, கோப்பைக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே விரலை மடக்கினான். அவள் பார்த்தாள். வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மழை தூறியது. வாசலில் நிற்க முடியாமல் கதவோரத்தில் நின்றார்கள். எப்போதும் அவன்தான் தன் உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொள்வான். அன்று அவன் கை ஈரமாக இருந்தது என்று அவளே தன் இடது கையால் பொத்தினாள். வலது கையை ஜாக்கெட்டுக்குள் விட்டு மூடியைத் தேடினாள். அங்கே இல்லை. அடுப்படியில் வைத்துவிட்டோமோ என்று யோசித்தபடி வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"சிவப்பு" என்றான் கஜேந்திரன்.

அவள் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நேத்து மாதிரியே" என்றான் அவன், அவள் கேட்காமலே.

"என் கையில ஒன்னுமில்லங்க."

அவள் பொத்திய கையை எடுக்காமல், விரித்த ஐந்து விரலை அவன் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். இடது கண் இமைக்கவில்லை. நேராக, தெளிவாக, ஒரு குறையும் இல்லாத கண்ணாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா?"

"வியாழக்கிழம சாம்பலாச்சி. வெள்ளிக்கிழம மூடி இருக்குன்னு தெரிஞ்சிச்சி, என்ன நெறம்னு தெரியல. அதுக்கப்புறம்..." முடிக்கவில்லை. "மூடி சிவப்புன்னு எனக்குத் தெரியுந்தானே, புள்ள."

"கடவுளே, ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ கூட்டிட்டுப் போயிருவ. காப்பு முறிஞ்சி பாப்பாவுக்கு ஒரு காய்ச்ச கீய்ச்ச வந்தாக்கூட நீ தாங்க மாட்ட. எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு. நமக்கு இன்னொரு பாப்பா இல்ல."

அவள் அவனை அடித்தாள். தோளில், மார்பில், முகத்தை விட்டுவிட்டு மற்ற இடத்திலெல்லாம். அவன் தடுக்கவில்லை. பிறகு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, மேல் லயத்துக்குத் தம்பையா வீட்டுக்கு ஓடினாள்.

தம்பையா காமன் கூத்து வாத்தியார். காப்புக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் கை. அவரிடம் அவள் இத்தனை நாளும் போகாததற்குக் காரணம் இருந்தது. போய்க் கேட்பதே குறை என்று நினைத்தாள். காப்பை முறிக்கலாமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், மனசு முறித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? சாமி அதைக் கணக்கில் எடுக்காதா? யாரும் சொல்லித்தரவில்லை. வேண்டுதலை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, அவளாகவே கட்டிக்கொண்ட சட்டம் அது.

அவள் அழுதபடி சொல்லி முடித்ததும் தம்பையா, "காப்ப மாத்திக் கட்டக் கூடாதுன்னு யாரு புள்ள ஒனக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"மாமா?"

"நடுவுல சாவு விழுந்தவன், பாம்பு கடிச்சவன், போலீசு புடிச்சிக்கிட்டுப் போனவன், எத்தன பேருக்கு மாத்திருக்கேன். மஞ்சத் தண்ணிய தெளிச்சி இவன் கையில அவுத்து அவன் கையில கட்டணும். அர மணித்தியால வேல."

"அஞ்சாவது வருஷம் மாமா. வேண்டுதல்..."

"காப்பு ஏறிருச்சில்ல? அதோட முடிஞ்சிச்சி. கண்ண அவிச்சிட்டு வந்து ஆடுன்னு எந்தச் சாமி கேட்டுச்சி?"

"யாரும் சொல்லலையே மாமா."

"நீ கேக்கலையே, புள்ள."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கூத்தில் தூதனாக ஆடுகிறவனின் கைக்குக் காப்பு மாறியது. கஜேந்திரனின் மணிக்கட்டில் மஞ்சள் கோடு மட்டும் மிஞ்சியது. ஓட்டோ பிடித்து இறங்கி, பகல் ஒன்றரைக்குக் கண் பிரிவில் இருந்தார்கள்.

டொக்டர் டோர்ச்சை மாற்றி மாற்றி அடித்தார். விரலைக் காட்டினார். கையை ஆட்டினார். கீழே, இடது ஓரத்தில் ஆட்டியபோது மட்டும், "என்னமோ அசையுது" என்றான் கஜேந்திரன். மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் வெளியே போய்க் கொழும்புக்கு நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். நாலைந்து நாள் கழித்து எலும்பைத் திறப்பதில் ஆபத்துத்தான் கூட, பலன் குறைவு என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். மூன்று நாள் வார்ட்டில் வைத்து ஊசி மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

"அப்பவே வந்திருந்தா?" என்று மதுஷா கேட்டாள்.

டொக்டர் சிங்களத்தில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொன்னார். ஸிஹாமா கஜேந்திரனைப் பார்த்தாள், மதுஷாவைப் பார்த்தாள். "சொல்ல ஏலாதாம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்தாள். ஆனால் மதுஷா பண்டாரவளை மரக்கறிக் கடைகளில் சிங்களம் பழகியவள். டொக்டர் வாயில் 'பிரஹஸ்பதிந்தா' என்று வியாழக்கிழமை வந்ததும், அதற்குப் பின்னால் வந்ததும் அவளுக்கு நன்றாக விளங்கியிருந்தது.

புதன்கிழமை, தோட்டத்தில் மதன் எரிகிற நாள். ஆண்கள் வார்ட்டில் பார்வையாளர் நேரத்தில் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போனில் மகள் பேசினாள். பக்கத்து வீட்டுக் கோழி குஞ்சு பொரித்திருக்கிறதாம். காய்ச்சல் இல்லை, சளிகூட இல்லை. கஜேந்திரன் போனை வைத்துவிட்டுக் கேட்டான்.

"அன்னைக்கி டொக்டர் அவ்வளவு நேரம் பேசுனாரு. மிஸ் ரெண்டு வார்த்ததான் சொன்னாங்க. ஒனக்கு வெளங்குச்சில்ல?"

அவள் போர்வை நுனியை மடித்தாள். பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"வியாழக்கிழம வந்திருந்தா தொறந்து பாத்திருப்பாங்களாம். பாதிக்குப் பாதி தப்பியிருக்கலாமாம்."

அவன் எதிர்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொத நாளு நீ நில்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா நின்னுருப்பேன்."

"தெரியும்."

"ஒன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

"தெரியுங்க. நீங்க வியாழக்கிழம சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீ அழுதிருப்ப."

"அழுதிருப்பேன். அழுதுகிட்டே கூட்டிட்டு வந்திருப்பேன்."

பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. அவள் எழுந்து, தண்ணீர்ப் போத்தலை அவனுடைய வலது பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பார்வை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் மெஷினில் உட்கார வைத்தார்கள். தாடையை ஒரு தட்டில் வைத்து வெள்ளைக் குழிக்குள் பார்க்க வேண்டும். குழிக்குள் அங்கங்கே சின்ன ஒளி மின்னும். மின்னியது தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். "தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க" என்றாள் ஸிஹாமா. "தெரியாம அழுத்தினா மெஷின் கண்டுபிடிச்சிரும். என்னை மாதிரி இல்ல அது, முகத்துக்காகப் பாக்காது." அவள் சொன்னது வேடிக்கைக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை.

மதுஷாவைத் திரைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். முதலில் நல்ல கண். டிக், டிக், டிக்கென்று பொத்தான் சத்தம் சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. கண்ணை மாற்றினார்கள்.

மெஷின் உறுமுவது கேட்டது. வேறு சத்தம் இல்லை. அவள் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. இப்போதும் அவன் அவளுக்காக அழுத்திவிடுவானோ என்று ஒரு பயம். அழுத்தவே மாட்டானோ என்று அதைவிடப் பெரிய பயம். மூன்றாவது நிமிஷத்தில் ஒரு டிக். அவள் ஒரு விரலை மடக்கினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அடுத்தடுத்து இரண்டு. அதன் பிறகு மெஷின் ஓயும்வரை ஒன்றுமே இல்லை.

ஸிஹாமா தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வட்டம் முழுவதும் கறுப்பு. கீழ் இடது ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு சாம்பல். "இந்த ஓரத்துல இருக்கிறதுகள் இன்னும் உயிரோட இருக்கு. மூணு மாசம் தாண்டினா இது நிலைச்சிரும்டு நம்பலாம். மாசா மாசம் கூட்டிட்டு வரோணும். வருவீங்களா?"

"வருவோம் மிஸ்."

கஜேந்திரன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். இடது பக்கத்துக் கதவு நிலையில் தோள் இடித்தது. அவள் எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"எத்தன?" என்றான்.

"மூனு."

அவன் தலையை ஆட்டினான். தோளைத் தேய்த்துக்கொண்டே, "நாலாவதா ஒன்னு தெரிஞ்ச மாதிரி இருந்துச்சி" என்றான். "சரியாத் தெரியல. அதான் அழுத்தல."